கடைசிப் பாட்டின் மூச்சுகள்

பாட்டுப் பதிவிலிருந்து மூன்றாவது மூச்சை வெட்டியபோது, பக்கத்து அறையில் ஏதோ ஒன்று குறைந்ததுபோல் அவனுக்குத் தோன்றியது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக் கேட்டான். மின்விசிறியின் கடகடப்பு, ஜன்னல் கண்ணாடியில் மத்தியான மழை, பாதி திறந்த கதவு வழியே மருந்து நெடி, அந்த நெடியோடு ஒட்டிக்கொண்டு வரும் அக்காவின் கரகரத்த மூச்சு. எல்லாம் இருந்தன.

அக்கா எழுதி, மெட்டுப் போட்டுப் பாடிய கடைசித் தொகுப்பு அது. ஒன்பது பாட்டுகள் முடிந்துவிட்டன. போன வாரம் தலையணையில் சாய்ந்தபடி பாடிய விடைபெறும் பாட்டு மட்டும் பாக்கி. அதைக் கேட்காமல் போக மாட்டேன் என்று பிடிவாதமாகக் கிடந்தாள். டாக்டர் சொன்ன கெடு நேற்றோடு முடிந்திருந்தது.

"என்னடா, இன்னுமா உருட்டிக்கிட்டு இருக்கே?"

"ஆச்சுக்கா. மூச்சை மட்டும் எடுத்துட்டிருக்கேன்."

"ஒண்ணு விடாம எடு. இல்லேன்னா சாகக் கிடக்கிறவ பாடினதுன்னு பரிதாபப்பட்டே கேப்பாங்க."

"உன்மேல பரிதாபமா? உன்கிட்ட திட்டு வாங்காதவங்க வேணும்னா படலாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பாடுகிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் முன் காற்றை இழுப்பது கணினித் திரையில் சின்னப் புடைப்பாகத் தெரியும். அதைக் குறித்து வெட்டுவது அவன் கைக்குத் தூக்கத்திலும் வரும். நான்கு. ஐந்து. ஆறாவதை வெட்டினான்; உள்ளே கரகரப்பு ஒருமுறை வராமல் போய், பிறகு தொடர்ந்தது. தற்செயல். ஏழாவதை வெட்டினான். மறுபடியும் வராமல் போனது. பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதை நிரூபிக்கிறவன்போல் மீதி அத்தனையையும் சேர்த்துக் குறித்து ஒரே தட்டில் வெட்டினான். பழக்கதோஷத்தில் சேமித்து மூடினான். பழைய பதிவையும் அழித்தான்.

மின்விசிறி. மழை.

வேறு எதுவும் இல்லை.

"அக்கா?"

வெட்டியதைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை. மறுபடி திறந்து தேடினான். முதல் சொல்லுக்கு முன்னால் ஒரே ஒரு மூச்சு தப்பியிருந்தது. அதைப் படியெடுத்தான். ஒட்டினான். பத்து. ஐம்பது. பாட்டு முழுக்க ஒட்டினான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி வைத்து ஓடவிட்டான்.

உள்ளே மூச்சு கேட்டது.

அழுதுகொண்டே ஓடினான்.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மார்பு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. இறங்கவில்லை. அவன் ஒட்டியது அத்தனையும் இழுக்கும் மூச்சு. விடும் மூச்சு அதில் ஒன்றுகூட இல்லை.

வாய் திறந்திருந்தது. பேச, காற்று வெளியே வர வேண்டும். கண்கள் மட்டும் கெஞ்சின. அவனைத் தாண்டி, ஓடிக்கொண்டிருந்த கணினியைப் பார்த்தன.

நிறுத்தினால் அக்கா இல்லை.

அவன் கதவருகே நின்றான். கால் நகரவில்லை. அவள் சட்டையின் மேல் பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது. துணிக்கு அடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன.

இன்னொரு மூச்சு உள்ளே போனது.