வர்தாவின் பங்கு

மூன்று மாதமாக அரிசியைக் கண்ணால் பார்க்காத வீட்டில் சோறு வடித்த வாசனை வந்தது.

முக்பில் வாசலிலேயே நின்றுவிட்டான். அஸர் தொழுகை முடிந்து வெயில் மலைக்குப் பின்னால் சரியத் தொடங்கியிருந்தது. முன்பு ஆடு கட்டிக் கிடந்த கீழ்த்தளம் காலியாக இருந்தது. கல் படிகளில் ஏற ஏற அந்த வாசனை கூடிக்கொண்டே போனது, அப்போதுதான் கஞ்சி இறுத்து மூடி வைத்த பானையைத் திறந்த மாதிரி, சூடாக, இனிப்பாக, லேசாகப் புளித்து. வேறு யாராக இருந்தாலும் நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். முக்பிலுக்கு முதுகு சில்லிட்டது.

ஏனென்றால் அவன் சிறுத்தைக்காரன். மலையடிவாரத்துச் சிறுத்தைக் காப்பகத்தில் பதினோரு வருடமாக வேலை. சிறுத்தை தன் எல்லையைக் குறிக்கச் சுவரில் பீய்ச்சும் மூத்திரம் இப்படித்தான் மணக்கும், அச்சு அசலாக வடித்த சோறு. சண்டைக்கு முன்னால் காப்பகம் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

"இஷ்ராக், யாரு சோறு வடிக்கிறா?"

அவன் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கும் வருதா? அப்பாடா. காலையிலேருந்து இதே வாசனைதான். பக்கத்து வீட்ல போய்க் கேட்டா, பசியில உளறுறியான்னு சிரிக்கிறாளுங்க. வல்லாஹி, வயித்தெரிச்சலா இருக்குங்க."

"தெரு முனையில யாராவது..."

"யாரு கிட்ட இருக்கு அரிசி? இருந்தா சண்டை போட்டாவது ஒரு பிடி வாங்கியிருக்க மாட்டேனா?" அவள் ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். "அதை விடுங்க, இதைப் பாருங்க."

அவள் கல்யாணத்தின்போது வந்த பீங்கான் பூச்சுத் தட்டு. நடுவில் ஒரு நீலப் பூ இருக்கும். இப்போது பூவைக் காணோம். பூச்சு முழுவதும் உரிந்து அடியிலிருந்த இரும்பு தெரிந்தது. அதில் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக.

"சாம்பல் போட்டுத் தேய்ச்சியா?"

"குடிக்கவே தண்ணி இல்ல, தேய்க்கிறதுக்கு எங்க போறது? நேத்து ருமைஸா கறி தின்னுட்டு வெச்ச தட்டு. நான் தொடவே இல்ல."

காப்பகத்துச் சிறுத்தை வர்தாவின் கூண்டில் இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. அதன் பச்சைச் சாயம் இதே மாதிரிதான் உரிந்து கிடக்கும். சிறுத்தையின் நாக்கில் முள் இருக்கிறது, எலும்பிலிருந்து கறியை நக்கியே எடுத்துவிடும். முக்பில் தட்டைக் கவிழ்த்து வைத்தான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்?

சண்டை ஊரைச் சுற்றி வளைத்தபோது காப்பகத்தின் மற்ற ஆட்கள் எல்லாரும் ஓடிப்போனார்கள். முக்பில் மட்டும் நின்றான். இந்த மலைகளில் சிறுத்தைகள் அனேகமாக அற்றுப்போய்விட்டன. மிச்சமிருந்தவற்றில் வர்தா ஒருத்தி, அவளையும் விட்டுவிட்டு எங்கே போவது? தோலுக்காகச் சுட வந்த துப்பாக்கிக்காரர்களை வாசலில் மறித்து, "முதல்ல என்னைச் சுடுங்கடா" என்று நின்றவன் அவன்தான். அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. கடல் கடந்த ஊர்களில் யார் யாரோ காசு அனுப்பினார்கள். வாரம் இரண்டு தடவை, மலைப்பாதை வழியாக, ஷவ்கி என்ற வண்டிக்காரன் வர்தாவுக்குக் கறி கொண்டுவந்தான். கழுதைக் கறி.

வேலியே பயிரை மேய்ந்தது அதற்குப் பிறகுதான். ஆறு வயது மகள் ருமைஸாவின் கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்த ஒரு மாலையில், முக்பில் வர்தாவின் கறியில் ஒரு துண்டை அறுத்துத் துணியில் சுற்றினான். மலையூர் நண்பன் கொடுத்த ஆட்டுக்கறி என்று வீட்டில் சொன்னான். இஷ்ராக் வெந்தயத்தை ஊறவைத்து அடித்த நுரை போட்டுக் கொதிக்கவைத்தாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே பிஸ்மில்லாஹ் சொல்லி, ஹராமான கழுதைக் கறி என்று தெரியாமலே பிள்ளைக்கு ஊட்டினாள், தானும் தின்றாள். முக்பில் தொடவில்லை. அங்கேயே சாப்பிட்டுவிட்டேன் என்றான். தான் தின்னாவிட்டால் பாவம் பாதியாகும் என்று ஒரு கணக்கு, வெட்கங்கெட்ட கணக்கு. உயிர் போகிற பசிக்கு மார்க்கம் விலக்குக் கொடுத்திருக்கிறது, அது அவனுக்கும் தெரியும். மார்க்கம் மன்னிக்கலாம். வர்தா மன்னிக்க வேண்டுமே.

முதலில் ஒரு துண்டு. பிறகு ஒரு தொடை. பிறகு பாதிக்கு மேல்.

"பிள்ளை எங்க?"

"மொட்டை மாடியில. பகல் பூரா தூங்குறா, வெயில் இறங்கினா மாடிச் சுவர்ல ஏறிக் குந்திக்கிறா. ரொட்டியைக் கொடுத்தா முகத்தைத் திருப்பிக்கிறா. கறிதான் வேணுமாம் மகாராணிக்கு." இஷ்ராக் சிரித்தாள். சிரித்தபோது அவளும் இளைத்திருப்பது தெரிந்தது. பல் மட்டும் நீளமாகத் தெரிந்தது. "நானும் என்னமோ அப்படித்தான் ஆயிட்டேன்."

அவன் மாடிக்குப் போனான். சுவரின் மேல் ருமைஸா குந்தியிருந்தாள், இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி. தெருவில் போகிற ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசையாமல். பூனை தலை தூக்கி அவளைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

"விழுந்துடுவேம்மா, இறங்கு."

அவள் சத்தமில்லாமல் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அப்பன் மேல் பிள்ளைக்கு ஆசை என்று அவன் பூரித்ததுண்டு. இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டுமே பார்க்கிறாள் என்பது உறைத்தது. வர்தாவும் இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறாள். உறுமுவதை எப்போதோ விட்டுவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அவன் கைகளைப் பார்ப்பாள்.

போதும். இன்றைக்கு வருகிற கறி முழுவதும் வர்தாவுக்கு. ஒரு எலும்புகூட இந்தப் படியேறாது. பிள்ளைக்கு ரொட்டியோ இலையோ, எங்கேயாவது பிச்சை எடுத்தாவது பார்த்துக்கொள்ளலாம். முடிவு எடுத்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

காப்பக வாசலில் ஷவ்கி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குடங்களோடு வரிசையில் நின்ற ஒருத்தி வழக்கம்போல வாயைத் திறந்தாள். "மனுசன் செத்துக்கிட்டிருக்கான், மிருகத்துக்கு விருந்து நடக்குது! ஏன் முக்பில், அவளை நிக்காஹ் பண்ணிக்கோயேன்!"

"உன் வாய்க்கு அவளே தேவலை, போ!" என்றான் ஷவ்கி. பிறகு முக்பிலின் தோளில் முத்தம் கொடுத்தான். "விடுங்கண்ணே. நீங்க ஒரு ஆள் இருக்கிறதாலதான் அது இன்னும் உசுரோட இருக்கு. என் பிள்ளைங்ககிட்ட உங்களைப் பத்திதான் சொல்லிட்டிருக்கேன்."

எதிர்க்கடை நாவிதர் கம்தான் தெருவைத் தாண்டி வந்தார். ஷெல் விழுந்து அவர் வீட்டில் பாதி போய்விட்டது. காகிதத்தில் சுற்றிய எதையோ நீட்டினார். ஒரு கோழித்தலை.

"பெரிசா ஒண்ணுமில்லை, அவளுக்குப் போடு. நம்ம மலைப் பிள்ளை அவ. சண்டை முடியறப்போ அவளாவது இருக்கணும்ல?"

முக்பில் வாங்கிக்கொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கோழித்தலை உள்ளங்கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே, கூண்டு வரிசையில், கழுதைத் தொடையை இழுத்துக்கொண்டு நடந்தான். தரையில் அது சரசரத்தது. தூரத்தில் ஒரு வெடிச்சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் பிடித்தது. வாசனை. பதினோரு வருடமாக இந்தச் சுவர்களில் ஊறிக் கிடந்த சோற்று வாசனை துளிகூட இல்லை. சிமெண்ட் மட்டும் மணந்தது.

"வர்தா! இன்னிக்கு முழுசும் உனக்குத்தான்டி. வா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கோவமா? கோவப்படு. வந்து கோவப்படு."

காது அசையவில்லை. முக்பில் பூட்டைத் திறந்து, அதுவரை செய்யாததைச் செய்தான். கூண்டுக்குள் போனான். கிட்டே போய் உட்கார்ந்து அவள் மேல் கை வைத்தான். விலா எலும்புகள் விரல்களுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. உடம்பு விறைத்துப்போயிருந்தது. வாலின் நுனியைக் காணோம், பசியில் அவளே கடித்துத் தின்றிருந்தாள். கண் திறந்திருந்தது, அவன் வழக்கமாக வந்து நிற்கிற இடத்தைப் பார்த்தபடி.

அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நான் திருடன்டி, நான் திருடன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். வெளியே கேட்டிருந்தால் கேட்கட்டும் என்று இருந்தது. பிறகு, கேட்டிருக்கக் கூடாதே என்றும் இருந்தது. மலை முழுக்க நிழலுக்குள் போனபோது மஃரிப் பாங்கு ஒலித்தது. கறியை அவள் முன்னால் வைத்துவிட்டு, கூண்டைப் பூட்டாமல் எழுந்தான். கைகளைக் கழுவத் தண்ணீர் இல்லை. சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் தெருவில் விளக்கு இல்லை. ஆள் இல்லை. எப்போதும் குப்பைமேட்டில் கிடந்து சண்டை போடும் நாய்கள், இன்று சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றன. எல்லாமே அவன் வீட்டுப் பக்கம் பார்த்தபடி, ஒன்றுகூடக் குரைக்காமல்.

கதவு திறந்து கிடந்தது.

வாசனை வாசலுக்கே வந்துவிட்டது. ஊருக்கே வடித்துக் கொட்டின மாதிரி, கனமாக, சூடாக.

"இஷ்ராக்?"

மேலே எங்கேயோ ஒரு சத்தம். ஸ்ரக். கல்லில் எதையோ தேய்க்கிற மாதிரி. ஸ்ரக். நிதானமாக, ஆசையாக. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். தினமும் கேட்டது. வர்தாவின் தொட்டியில் கறி தீர்ந்த பிறகும் கேட்டது.

"இஷ்ராக், விளக்கு ஏத்து."

சத்தம் நின்றது.

படியில் ஏதோ இறங்கி வந்தது. காலடிச் சத்தம் இல்லை. கனம் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்குவது தெரிந்தது. ஓடலாம். தெரு பின்னாலேயே இருந்தது. அவன் ஓடவில்லை.

"வாப்பா."

ருமைஸாவின் குரல். முழங்கால் உயரத்திலிருந்து.

"பசிக்குது வாப்பா."

"இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா." வெறுங்கையை விரித்தான். "வாப்பா ஒண்ணும் கொண்டாரல."

மூச்சு அவன் விரல்களில் பட்டது. மோந்தது. மணிக்கட்டு. உள்ளங்கை. வர்தாவைத் தொட்ட கை, கோழித்தலையை வாங்கின கை. பிறகு, மெல்ல, பிரியமாக, ஒரு நாக்கு.

தோல் தட்டின் நீலப் பூவைப் போல உரிந்து வந்தது.

"கதவைச் சாத்துங்க," என்றாள் இஷ்ராக், படியின் மேலிருந்து. அவள் குரலும் தரையோரமாகத்தான் வந்தது. இருட்டில் இரண்டு பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. அவை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

முக்பில் இன்னொரு கையால் கதவைச் சாத்தினான். நாக்கு மறுபடியும் வந்தது. கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.