கீழே கேட்ட டிரம்ஸ்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நைட் டியூட்டி முடிந்து வந்த நர்ஸுக்குக் கண் அயர்ந்ததுதான் தாமதம்... கீழே கராஜில் டிரம்ஸ் அதிர்ந்தது. தடதடவென்று இறங்கினாள்.

"இங்க பெரியவர் யாரு?"

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் எழுந்தான். அவள் அப்பாவிடம் கராஜை வாடகைக்கு எடுத்திருந்த எலக்ட்ரீசியன். மழைமேகம் போலக் கறுத்த கண்கள், அதில் ஒரு குறும்பு...

"நான்தாங்க. ஆனா இன்னும் நரைக்கல."

"ஞாயித்துக்கிழமைகூடப் பசங்களைக் கெடுக்கணுமா?"

குறும்பு அணைந்தது. "முன்னாடி இதே நேரத்துல பாலத்துக்கடியில பாட்டிலோட உக்காந்திருந்தாங்க. இப்ப இங்க இருக்காங்க... அவ்வளவுதாங்க."

அவள் மைக்கோடு நின்ற சிறுமியை அப்போதுதான் கவனித்தாள். குடித்து நினைவிழந்து எமர்ஜென்சிக்கு வந்தவள்! அன்று அந்தக் கையைப் பிடித்தபடி விழித்திருந்தது இவள்தான்.

அதன்பின் ஞாயிறுகளில் தூக்கம் போயிற்று. கால்கள் தாமாகவே கீழே இறங்கின. ஒருநாள், கெட்டுப்போன ஈரல் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டப்போவதாகச் சொன்னாள்.

"பயமுறுத்தினா ஒளிஞ்சு குடிப்பாங்க. அவங்களே பேசட்டுமே," என்றான்.

"ஆஸ்பத்திரியில பாக்கறது நானா, நீங்களா?"

சட்டென்று மாடியேறிவிட்டாள். அவனும் கூப்பிடவில்லை. அக்கம்பக்கத்தார் புகாரால் அப்பா கராஜைக் காலி செய்யச் சொன்னபோதும், வீம்பு பிடித்தவன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவிடம் கேட்க வந்தவள் அந்தச் சிறுமி. பின்னாலேயே மொத்தக் கூட்டமும்.

"அங்கிள், நான் குடிச்சு சாகக் கெடந்தேன். இந்த அக்காவுக்குத் தெரியும், ஆனா யார்கிட்டயும் சொல்லல. இப்ப நானே சொல்றேன். சின்னப் பசங்களுக்குச் சரக்கு விக்காதீங்கன்னு கடை கடையா ஏறி எறங்குறோம். ரெண்டு கடைக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. கதவை மூடிட்டா நாங்க எங்க போவோம்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "சத்தத்தைக் குறைச்சுக்குங்க. புகார் சொன்னவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் கீழே ஓடினாள். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"சுருட்டாதீங்க. அப்பா சரின்னுட்டார்... நீங்க சொன்னதுதான் சரி. அந்தப் பொண்ணே பேசினா. என் படம் எதுவும் அப்படிப் பேசியிருக்காது."

"நானும் உங்களைக் கூப்பிட்டிருக்கணும்..."

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா... பசங்களுக்காக மட்டும் வாங்கன்னு பொய் சொல்லணுமே." சுருட்டிய ஒயரைத் தரையில் வைத்தான். "எனக்காகவும் வரணும். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் கன்னம் சூடேறியது. ஒயரின் மறுமுனையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

"எனக்கும்தான்," என்றாள், அவனைப் பார்த்தே.