கொட்டகையில் ஒரு மடி

கறுப்பியின் மடி அன்றைக்கும் வற்றிக் கிடந்தது.

கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து, பாத்திரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்த வெதுவெதுப்பான காம்புகளை மாறி மாறி இழுத்துப் பார்த்தாள் அக்கா. நாலு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். மற்ற ஆடுகளெல்லாம் வழக்கம்போலக் கறந்திருந்தன. கறுப்பியின் குட்டி பால் மறந்து தழைக்குத் திரும்பி வெகு நாளாகிவிட்டது. அது திருடிக் குடித்திருக்க வழியில்லை. காம்பு ஈரமாக, சுத்தமாக இருந்தது. சற்று முன்புதான் யாரோ நிதானமாகக் கறந்து முடித்து, துடைத்தும் விட்டிருக்கிறார்கள்.

"யாரோ என்ன யாரோ," என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அந்த வீட்டில் கறக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி அவளுடைய தங்கை.

வீடு சின்னதுதான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஆட்டுக் கொட்டகை, கோழிக் கூண்டு, அதைத் தாண்டி வேலி வரைக்கும் காய்கறிப் பாத்தி. கணவன் லாரி ஓட்டுகிறவன். லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வரும் நாள் அவனுக்கே தெரியாது. மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது. தூங்கும்போது மட்டும்தான் வாய் மூடும் என்பதால் வாயாடி என்றே பேராகிவிட்டது. சின்னவன் இன்னும் நடக்கவில்லை, தவழ்கிறான். அவன் பொடியன்.

பொடியன் பிறந்த பிறகு உடம்பு தேறாமல் அக்கா படுத்துவிட, ஒத்தாசைக்கென்று தங்கை வந்தாள். தங்கைக்கும் ஒரு குழந்தை பிறந்திருந்தது. பிறந்த அன்றே போய்விட்டது. அதற்குப் பிறகு புருஷனும் ஒட்டவில்லை. டவுனில் பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு வந்து துணி, சமையல், கோழி, பாத்தி என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். அக்கா தேறி எழுந்தபோது, வீடு அவள் இல்லாமலே நடக்கப் பழகியிருந்தது. அவளுக்கு அது தாங்கவில்லை.

பாத்திரத்தைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பின் அறையில் தொட்டிலுக்குள் பொடியன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். வயிறு திம்மென்று இருந்தது. வாய் துடைத்திருந்தது. சட்டையில் இரண்டு வைக்கோல் துணுக்குகள். மார்பு கனத்து வலித்ததால் அவனை மெல்ல எடுத்து மடியில் போட்டுப் பால் கொடுத்துப் பார்த்தாள். தூக்கத்திலேயே உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மூச்சில் ஆட்டுப்பால் வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. வெகு நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. தங்கையின் பழைய புடவை வாடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போதே வயிறு எரிந்தது.

வாயாடி தரையில் உட்கார்ந்து பொத்தான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு யாரு பால் குடுத்தா?"

வாயாடி நிமிரவில்லை. "சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீ கோவிச்சுக்குவே."

யார் சொல்லிக்கொடுத்த பேச்சு இது என்று அக்காவுக்குச் சொல்லவா வேண்டும்?

அது மழைக்காலம். மத்தியானத்திலேயே விளக்குப் போடும்படி இருட்டிக்கொண்டு வரும். காற்றே இருக்காது, மேகம் வேலிக் கம்பி வரைக்கும் இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் அக்கா பாத்தியில் களை பிடுங்குவாள், தங்கை தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் துணி துவைப்பாள், பொடியன் தூங்குவான். அந்த நேரத்தில்தான் கொட்டகையிலிருந்து பாட்டும் வரும். சொல் இல்லாத பாட்டு. உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் இழுக்கிற இழுப்பு, ஓரிடத்தில் ஏறி, இறங்கப் போகிற சமயத்தில் இறங்காமல் அப்படியே நின்று, கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வரை நின்று, பிறகு இறங்கும். பாட்டு தொடங்கினால் ஆடுகள் கத்துவது நின்றுவிடும். பொடியன் கிளுகிளுவென்று சிரிப்பது பாத்தி வரைக்கும் கேட்கும்.

தன்னிடம் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பாட்டை அதே ஏற்ற இறக்கத்தோடு தானே பாடிப் பார்த்தாள். பொடியன் அவள் வாயையே பார்த்தான். பிறகு தோளுக்கு மேல், பின்னால் யாரையோ தேடினான். பிறகு வீறிட்டான்.

"அம்மா, நீ பாடாதே," என்றாள் வாயாடி. "உனக்கு அது வரலை."

அதோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கையின் எதிரில் போய் நின்றாள். "கறுப்பி பால் எங்க போகுது?"

தங்கை திரும்பினாள். "என்னைக் கேக்குறே? நீதானே..."

"நடிக்காதே. எனக்குக் கண்ணு இருக்கு, காதும் இருக்கு. புள்ளை என்கிட்ட வர மாட்டேங்குறான். பெரியவ என்னையே வேவு பாக்குறா. உனக்குத் தங்கலைங்குறதுக்காக என்னோடதைப் பிடுங்கிக்கப் பாக்குறியா?"

தங்கையின் கையிலிருந்த தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரக் கையோடு உள்ளே போனாள். அன்றிரவு வந்திருந்த கணவன் மறுநாள் விடியற்காலையில் லோடு ஏற்றப் புறப்பட்டபோது, அந்த லாரியிலேயே பையோடு ஏறிப் போய்விட்டாள். பொடியனை ஒரு தடவை தொடக்கூட இல்லை. என்ன நடந்தது என்று கணவன் கேட்டதற்கு, "அவளுக்கு வேலை ஞாபகம் வந்துடுச்சு," என்று சொல்லி அக்கா கதவைச் சாத்தினாள்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பாட்டு இல்லை. கறுப்பி நிறையக் கறந்தது. பொடியன் ஓயாமல் அழுதான். அழட்டும், என்று விட்டாள். பசி வந்தால் யார் அம்மா என்று தெரிந்துபோகும். தெரிந்தும் போயிற்று. மூன்றாம் பேர் வாடையில்லாத வீட்டில், அவன் கடைசியில் அவள் மார்பில் வாய் வைத்தபோது, ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. அவன் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகை.

பிறகு ஒரு மத்தியானம் மழை பிடித்தது.

கூரைத் தகரத்தில் மழை இரைந்த இரைச்சலில் வேறு எதுவுமே காதில் விழவில்லை. அவரைக் கொடிப் பந்தல் சரிந்துவிடும் என்று அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி, குச்சிகளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள். மழை திடீரென்று விட்டது. கூரை சொட்டும் ஓசை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஓசை. அவற்றுக்கு நடுவில், தாழ்வாக, மூக்கால் இழுக்கிற அந்த இழுப்பு.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. திருட்டுத்தனமாகத் திரும்பி வந்திருக்கிறாள்! வேலி தாண்டி வந்து, என் கொட்டகையில், என் பிள்ளையை... சேற்றில் செருப்பு சிக்கிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள். கொட்டகைக் கதவைத் தள்ளினாள்.

பாட்டு நின்றது.

ஆடுகளெல்லாம் ஒரு மூலையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக நெருக்கிக்கொண்டு நின்றன. எதிர் மூலையில் வைக்கோல்மேல் பொடியன் மல்லாந்து கிடந்து, உதட்டோரம் பால் வழிய, மேலே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கறுப்பி மட்டும் அவன் பக்கத்தில், அசையாமல், கண் இமைக்காமல் நின்றது. தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலிலிருந்து அவனாக இறங்கியிருக்க முடியாது. அக்கா அவனை வாரி எடுத்தாள். அவன் கிடந்த இடத்தைச் சுற்றி வைக்கோல் அமுங்கியிருந்தது. ஒரு பெரிய ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்த மாதிரி. கை வைத்தாள். சூடாக இருந்தது.

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, ஜன்னலில் இருந்த போனை எடுத்துத் தங்கைக்குப் போட்டாள். வெகு நேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் மிஷின் சத்தம் கடகடவென்று கேட்டது.

"எங்கடி இருக்கே?"

"கம்பெனியில. ஷிப்டுல இருக்கேன். என்னக்கா? புள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நீ கொட்டகையில பாடுவியே, அந்தப் பாட்டு... அதை எங்க கத்துக்கிட்டே?"

"நானா?" மிஷின் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று, தங்கை ஓரமாக வந்துவிட்டாள் போலிருக்கிறது. "எனக்கு எங்கக்கா பாட்டு வரும்? நீதானே பாடுவே. துணி துவைக்கிறப்ப தினமும் கேப்பேன். ஒருநாள் எட்டிக்கூடப் பாத்தேன். நீ முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தே. பொடியன் கால் மட்டும் உன் மடியில ஆடிட்டு இருந்துச்சு."

அக்கா பொடியனை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காதே," என்றாள் தங்கை. "எனக்குப் பொறாமையாத்தான் இருந்துச்சு. அதனால அந்தப் பக்கமே போக மாட்டேன். பொடியனை நான் தூக்கினதே இல்லக்கா. தூக்கினா திருப்பிக் குடுக்க மனசு வராதுன்னு பயம்."

போன் கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து, "அக்கா? அக்கா?" என்று சின்னக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

வாயாடி எங்கே?

தரையில் பொத்தான்கள் பாதி வரிசையில் நின்றிருந்தன. பின்கதவு திறந்திருந்தது.

போக வேண்டாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. போகாமல் எப்படி இருக்க முடியும்? பொடியனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கினாள். வானம் மறுபடி இருட்டிவிட்டது. கோழிகள் கூண்டுக்குள் மூச்சுக் காட்டவில்லை. கொட்டகை வாசலில், உள்ளே பார்த்தபடி, வாயாடி நின்றுகொண்டிருந்தாள்.

"வா இங்க. அம்மாகிட்ட வா."

"அவங்க அழறாங்க," என்றாள் வாயாடி. "நீ தம்பியைத் தூக்கிட்டுப் போயிட்டியாம்."

உள்ளே இருட்டு. வைக்கோல். ஆடுகளின் மூச்சு. அந்த மூடிய பெட்டி வாடை. யாரும் இல்லை. யாருமே இல்லை. அக்கா ஒரு கையை நீட்டி வாயாடியின் தோளைப் பிடித்தாள்.

அப்போது பொடியன் சிரித்தான். அக்காவின் தோளிலிருந்து முகத்தை எடுத்து, இருட்டைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டினான். நீட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லித் துள்ளினான்.

அவன் எடை குறைந்தது.

பிள்ளையை இன்னொருத்தி வாங்கிக்கொள்ளும்போது கைக்குத் தெரியுமே, அதே மாதிரி. மெல்ல. பக்குவமாக. அவன் அக்குளுக்குக் கீழே சட்டைத் துணி உள்ளே அமுங்கியது. ஒரு பக்கம் நாலு குழி. மறுபக்கம் நாலு குழி.

அவள் இழுத்தாள்.

எதிர்ப்பக்கமும் இழுத்தது.

"விடு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இவன் என்னோடவன். நான் பெத்தவன். விடு."

பிடி தளரவில்லை. பொடியன் முகம் சுருங்கியது. வலியில் அலறினான். அப்படி அவன் அலறியதே இல்லை. அவள் விரல்கள் அவன் சதையில் பதிந்திருந்தன. இன்னும் இறுக்கினாள்.

"அம்மா! விடும்மா! அவனுக்கு வலிக்குது!" வாயாடி அவள் கையை அடித்தாள். "நீதான் வலிக்கப் பண்றே! நீதான்!"

அலறல். அவன் தோளில் ஏதோ மெலிதாகச் சொடுக்கியது.

அவள் விட்டாள்.

விட்ட கணமே, விழப்போகிறான் என்று மண்டியிட்டுக் கைகளை ஏந்தினாள். ஏந்திய கைகள் காலியாகவே இருந்தன.

பொடியன் விழவில்லை. தரைக்கு மேலே, ஒரு பெண்ணின் இடுப்பு உயரத்தில், ஒருக்களித்து, ஒன்றுமில்லாத இடத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு இருந்தான். விம்மல் அடங்கிற்று. கட்டைவிரல் வாய்க்குப் போயிற்று. அவன் முதுகுச் சட்டை மெல்ல அமுங்கியது, விட்டது, அமுங்கியது, விட்டது. தட்டிக்கொடுக்கிற கணக்கில்.

பாட்டு தொடங்கியது.

வாயாடி வலது கையை மேலே தூக்கினாள். அவள் விரல்களைச் சுற்றி ஏதோ மூடிக்கொள்ள, கை அந்தரத்தில் நின்றது. சேற்றில் மண்டியிட்டிருந்த அக்காவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேராகக் கொட்டகையின் இருட்டுக்குள் நடந்தார்கள். இரண்டு பேருடைய பின்னந்தலைதான் தெரிந்தது.