இருநூற்றெட்டு கஸ்பார்கள்

பிரின்சி அன்று காலை தரைத்தளத்து அலுவலகத்தில் உட்கார்ந்து எழுபத்திரண்டு கதவுகளை மரத்திலிருந்து எஃகுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நிஜத்தில் அவை எஃகுக் கதவுகள்தான். கட்டடத்தின் குணங்களை எழுதுகிற பண்பேட்டில்தான் மூன்று வருடமாக ‘மரம்’ என்று கிடந்தது. மழைக்காலம் வந்தால் போதும், கதவெல்லாம் ஊறிவிடுமே என்று கட்டடம் கவலைப்பட்டு வராண்டாவின் ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். குடியிருக்கிறவர்களுக்கு உதடு வெடித்துவிடும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இருபத்தாறு மாடிக்கு நிற்கிறதே ‘கடல்முகம்’, அதற்கு அவள் பண்பாளர். அப்படியும் ஒரு வேலையா என்று கேட்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது எந்தக் கட்டடத்துக்கும் கணினிக்குள் ஒரு நிழற்கட்டடம் உண்டு. வெளியே இருக்கிற ஒவ்வொரு குழாயும் கதவும் அறையும் அதற்குள்ளும் இருக்கும். ஒவ்வொன்றின் குணமும் பண்பேட்டில் இருக்கும்: எதனால் ஆனது, எவ்வளவு பாரம் தாங்கும், உள்ளே மனிதர் தங்கலாமா, கூடாதா. கட்டடத்தை நடத்துகிற மனையறிவு என்ற இயந்திரம் படிப்பது இந்தப் பண்பேட்டை மட்டும்தான். வீட்டுக்குள் கேமரா கூடாது என்று சட்டம் இருப்பதால் அதற்கு வேறு கண் கிடையாது. அது கோபப்படாது, பாவமும் பார்க்காது. எழுதியிருப்பதை நம்பும், அவ்வளவுதான். எழுதுகிறவள் பிரின்சி.

பதினொன்றே காலுக்குத் திரை சிவந்தது. பதினான்காவது மாடியில் ஆறாம் எண் வீட்டுப் பால்கனியில் ஸ்கூட்டர் பேட்டரி வெடித்துத் தீ. அடுத்த வரியில், ‘மூச்சடக்கி இயங்கி முடிய நான்கு நிமிடம்’ என்று வந்தது.

மூச்சடக்கி கெட்டிக்கார ஏற்பாடு. தீப்பிடித்த மாடியில் மனிதர் தங்காத அறைகளையெல்லாம் பூட்டி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, தீயை அணைக்கிற வாயுவை நிரப்பிவிடும். தீ அந்த அறைகளைத் தாண்டி அடுத்த பக்கம் போக முடியாது. மனிதர் தங்குகிற அறைகளின் பக்கமே அது போகாது.

அதே மாடியில் நான்காம் எண் வீடு பிரின்சியுடையது. சமையலறைக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. துறைமுகத்தில் இரவெல்லாம் பளுதூக்கி ஓட்டிவிட்டு வந்த அவள் புருசன் கஸ்பார் அந்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அறைக்குப் பண்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் திறந்து பார்க்க வேண்டியதில்லை. எழுதியதே அவள்தானே! ஜன்னல் இல்லாத அறையில் மனிதர் தங்கக் கூடாது என்பது விதி. விளம்பரத்தில் ‘கூடுதல் அறை’ என்று சொல்லித்தான் கட்டியவர்கள் விற்றார்கள். அனுமதி கேட்டு அனுப்பும்போது பிரின்சி இருநூற்றெட்டு வீட்டு அறைகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, முதல் வரியில் ‘கிடங்கு, மனிதர் தங்குவது இல்லை’ என்று அடித்து, ஒரே இழுப்பில் கீழே வரைக்கும் இழுத்துவிட்டாள். ஊரில் எல்லாப் பண்பாளர்களும் செய்கிற காரியம்தான். ஜன்னலுள்ள ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று இன்னொரு விதியும் இருந்தது. அவள் வீட்டில் ஜன்னலுள்ள அறை ஒன்றே; அதனால் வீட்டுப் பதிவில் இருந்தது அவளும் மகளும் மட்டும். கஸ்பார் தினமும் காலையில் ‘விருந்தாளி’ என்று சொல்லிக்கொண்டுதான் சொந்த வீட்டுக்குள் நுழைவான்.

கைப்பேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூங்கும்போது அதைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போகிற ஆள் அவன். மின்தூக்கி நின்றுவிட்டது. பதினாலு மாடி ஏறிப்போக நாலு நிமிடம் எந்த மூலைக்கு?

அறையின் பண்பை மாற்றப் போனாள். ‘அவசர நிலை. பண்பேடு பூட்டப்பட்டுள்ளது.’ முன்பு ஏதோ ஓர் ஊரில் வெள்ளம் வந்தபோது, ஆளாளுக்குப் பண்பேட்டைத் திருத்தி மீட்பு இயந்திரத்தைத் தன் வீட்டு வாசலுக்கு இழுத்தார்களாம். அதிலிருந்து இந்தப் பூட்டு. திறந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: ‘புதிய உருப்படி சேர்’. வண்டியும் பார்சலும் எந்நேரமும் வந்து போகிறதால் அதைப் பூட்ட முடியாது. அதில் ‘மனிதர்’ என்று போட்டாள். ‘இந்த அறையில் மனிதர் இருக்க இயலாது’ என்றது மனையறிவு.

“இருக்காருடா பாவி!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

உருப்படிப் பட்டியலைத் தள்ளினாள். நாற்காலி, மிதிவண்டி, குளிர்பெட்டி, தையல் இயந்திரம். அவற்றுக்குக் கீழே ‘வளர்ப்புப் பிராணி’. அதைத் தொட்டதும் ‘காற்று தேவை: ஆம்’ என்று தானாகவே வந்து நின்றது. நாய் என்று போட்டாள். பெயர் கட்டாயம் என்றது. யோசிக்க நேரமா இருக்கிறது? கஸ்பார். நிறம் கறுப்பு. இனம் நாட்டு. எடை எழுபத்தொன்று. ‘எடை அதிகம், உறுதிதானா?’ என்று வேறு கேட்டது. உறுதிதான் என்று அடித்தாள். அறைகள் பூட்டிக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது; நாற்பது விநாடி மிச்சம் இருந்தது. அப்போதுதான் அந்த மாடியின் மற்ற ஏழு அறைகளும் நினைவுக்கு வந்தன. அந்த அறைகளில் யாராவது இருக்கிறார்களா, யாருக்குத் தெரியும்? முதல் வரியைப் பிடித்து எட்டாவது வரி வரைக்கும் இழுத்துவிட்டாள்.

எட்டுக் கறுப்பு நாட்டு நாய்கள், எல்லாம் கஸ்பார், எல்லாம் எழுபத்தொரு கிலோ. மனையறிவு எட்டு அறைகளுக்கும் காற்றைத் திறந்துவிட்டு, கதவுகளையும் திறந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து அணைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எட்டு அறைகளிலிருந்து ஐந்து பேர் உயிரோடு இறங்கி வந்தார்கள். கடைசியாக லுங்கியோடு கஸ்பார்.

“ஏட்டி, கதவு பூட்டிக்கிட்டு. காத்து உஸ்ஸுன்னு போச்சு பாத்துக்கோ. சரி, சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பொறவு தன்னால தொறந்துட்டு. என்ன பண்ணுன?”

“நாய்னு போட்டேன்.”

“யார?”

“உங்களத்தான்.”

கஸ்பார் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தான். “போட்டதுதான் போட்ட, ஒரு சீமை நாயா போட்டிருக்கக் கூடாதா?”

பிரின்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவன் சட்டையில்லாத தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் தனுஷ்கோடி மெதுவாகப் பேசியே காரியத்தை முடிக்கிற மனிதர். அந்த அறைகளை மனிதர் தங்குமிடம் என்று திருத்தியே ஆக வேண்டும் என்று பிரின்சி சொன்னதும், பொறுமையாகத் தலையாட்டினார்.

“திருத்தலாம்மா. அறைக்கு ஜன்னல் எங்கன்னு மாநகராட்சிக்காரன் கேப்பான். அனுமதி ரத்து. இருநூத்தெட்டு அறைக்கும் சீல் வச்சிருவான். அங்க படுக்கிறவங்கள்லாம் எங்க போவாங்க? கடற்கரைக்கா? மொதக் கையெழுத்து யாருது? உன்னுது. நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. நாய்னு இருந்தா யாருக்கு என்ன நட்டம்? உசுருக்குப் பாதுகாப்பு. அதுதானம்மா வேணும்?”

மண்டபம் கை தட்டியது. இரண்டாம் எண் வீட்டில் வேலை செய்கிற முப்புடாதி, பிழைத்து வந்த ஐவரில் ஒருத்தி, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “நான் என்னவா இருந்தா என்னக்கா? மூச்சு விட்டாச் சரி. இந்த வேலை போச்சுன்னா எனக்குப் படுக்க எடமில்ல” என்றாள். வீட்டுக்குப் போனால் கஸ்பாரும் அதையேதான் சொன்னான். “நீ ஜெயிலுக்குப் போயி நான் மனுசனா என்ன கிழிக்கப் போறேன்? போட்டுட்டுப் போ, ஏட்டி.”

பிரின்சி அந்த வரியை இருநூற்றெட்டாவது அறை வரைக்கும் இழுத்தாள். பெயர்களையாவது தனித்தனியாகப் போடலாம் என்றால், எங்கள் வீட்டில் படுக்கிறவர் இன்னார் என்று எழுதிக் கொடுக்க ஒரு வீட்டுக்காரரும் தயாராக இல்லை. எல்லாம் கஸ்பாராகவே இருந்துவிட்டுப் போயிற்று.

பிராணி என்று பதிந்தால் அதற்கு ஒரு வில்லை வேண்டும். ஒரு ரூபாய்க் காசு அளவில் இருக்கும். உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். உடல்சூடு ஒரு நாள் படாவிட்டால் பிராணி செத்துவிட்டது என்று மாநகராட்சி வண்டிக்குச் சொல்லிவிடும். சங்க அலுவலகத்தில் வில்லை கொடுத்தபோது நூற்றெண்பது வீடுகள் வந்து வாங்கிப்போயின. கிடங்கு அறையைக் கிடங்காகவே வைத்திருந்தவர்கள் இருபத்தெட்டே வீடு. வில்லை போகாத வரிகள் தலைக்கணக்கில் வராது. மூன்று வருடமாக நூற்றெண்பது பேரைக் காற்றில்லாத அறையில் போட்டு வைத்திருக்கிறோமே என்று அன்று பிரின்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதாவது எழுதி வைத்தோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் மாதம் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மூத்த கஸ்பார், இளைய கஸ்பார் என்று அவர்களே ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். வெறிநாய்த் தடுப்பூசிக்கு நாள் வந்துவிட்டது என்று மனையறிவு நினைவூட்டியது. கஸ்பார் அண்ணனோடு கைப்பேசியில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால், ‘உங்கள் பிராணி அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் செய்கிறது’ என்று பிரின்சிக்கு அறிவிப்பு வந்தது.

பிறகு மின்தூக்கி வில்லையைக் கண்டு அவனை ஏற்ற மறுத்தது. உரிமையாளர் கூட வந்தால்தான் ஏற்றுமாம். காலையில் வேலை முடிந்து வருகிறவன் வாசல் கதவுக்கு வெளியே நிற்பான். பிரின்சி இறங்கிப் போனதும் ‘உரிமையாளர் வந்துவிட்டார்’ என்று சொல்லிக் கதவு திறக்கும். அவள் குளித்துக்கொண்டிருந்தால் அரை மணி நேரம்கூட நிற்பான். பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு வந்த பெண்கள் அவனைத் தாண்டி உள்ளே போவார்கள். முதலில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பிறகு சொல்வதில்லை. “எங்க வீட்டுக் கஸ்பார் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல” என்று ஒருத்தி தன் சமையல்காரரைப் பற்றிச் சொன்னதைப் பிரின்சியே காதால் கேட்டாள்.

கஸ்பார் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். “மாத்திருவோங்க. என்ன வந்தாலும் வரட்டும்” என்றாள் பிரின்சி.

“பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்” என்றான்.

பரீட்சைக்கு முன்னாலேயே தீயணைப்பு ஒத்திகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. மணி அடித்ததும் மனிதர்களெல்லாம் முன்படிக்கட்டில் இறங்கி முற்றத்தில் கூடினார்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு ஒலிபெருக்கி, ‘இப்போது பிராணிகள் வெளியேறலாம்’ என்றது.

பின்படிக்கட்டில் நூற்றெண்பது பேர் இறங்கினார்கள். சமையல்காரர்கள், ஓட்டுநர்கள், பக்கவாதம் வந்த ஒருவரின் தாதி, கல்லூரிப் புத்தகத்தோடு ஒரு பெண், முப்புடாதி. அதுவரை அவர்கள் உள்ளே பூட்டிய கதவுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறார்கள்; நெரிசலில் பிராணிகள் காலில் இடறக் கூடாதல்லவா? ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மணல்மேட்டுப் பக்கம் கம்பி வேலி போட்டிருந்த இடத்துக்குள் வரிசையாகப் போனார்கள். கஸ்பார் கதவோரமாகப் போய் நின்றான். கதவு சாத்திக்கொண்டது. முற்றத்தில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. குழந்தைகளுக்கு வெயில் அடிக்கிறதே என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

தீயணைப்பு அதிகாரி கையிலிருந்த பலகையைப் பார்த்தார். “மனிதர் அறுநூத்திருபது, பிராணி நூத்தெண்பது. எல்லாம் பத்திரம். அருமையான கட்டடம் சார்” என்று தனுஷ்கோடியின் கையைக் குலுக்கினார்.

பிரின்சியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

“சார், அந்தா நிக்காரு பாருங்க, வேலிக்குள்ள. என் வீட்டுக்காரரு. மனுசன் சார். அங்க நிக்கிற அத்தன பேரும் மனுசங்க.”

அதிகாரி வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். வேலியைவிடப் பலகையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இதுல அப்படி இல்லையேம்மா. கஸ்பார், கறுப்பு, நாட்டு. பண்பாளர் கையெழுத்து இருக்கு. யாரும்மா பண்பாளர்?”

“நான்தான் சார். நான்தான் எழுதுனேன். தப்பு சார். எனக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க, திருத்திருங்க.”

“பிரின்சிம்மா” என்று தனுஷ்கோடி பல்லைக் கடித்தார். அதிகாரி நல்ல மனிதர். கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, பலகையில் விரலால் எதையோ தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

“அறைக்குள்ள மனிதர்னு மாத்த வழியில்லம்மா, அது கிடங்கு. மொதல்ல பிராணியை நீக்கணும். நீக்குறதுக்கு இதுல ரெண்டே காரணம்தான் குடுத்திருக்கான். வித்தாச்சு, இல்லன்னா செத்தாச்சு. எதுன்னு போடட்டும்?”

பிரின்சி வேலிப் பக்கம் திரும்பினாள்.

வேலிக்குள்ளிருந்து கஸ்பார் சொன்னான். “செத்தாச்சுன்னே போடுங்க சார். விக்க வேண்டாம்.”