எழுபது கிலோ கந்தல்

"மனித குலம் அழிந்தால் அதற்குக் காரணம் போரோ நோயோ அல்ல, பழைய துணி" என்று தொன்மைத் துறை அதிகாரி வைத்தீசன் அறிவித்தார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சுற்றறிக்கையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

செவ்வாயின் புதுத்தேரிக் குடியிருப்பில் தினமும் பல் துலக்கும் முன் ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக ஒரு சுற்று நடப்பார்கள். காரணம் பக்தி அல்ல. புகை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் வீட்டுக் காற்று கசிகிறது. அங்கே ஒரு கந்தலைத் திணித்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.

வடிவம்மாள் வீட்டில் அந்தக் கந்தல் நூற்றுப் பத்து ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தது. வீடோ கட்டடக்கலை மேதை அமுதகீதன் வடிவமைத்த, செவ்வாயின் முதல் கண்ணாடிச் சுவர் வீடு. அதை மூலநிலைக்குக் கொண்டுவரத்தான் வைத்தீசன் வந்திருந்தார்.

"மேதை கட்டின வீட்டுல கோவணத்தத் திணிச்சு வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்லையாம்மா?"

"எடுக்காதீய தம்பி. காத்து நிக்கணும்லா?"

"அது தெரியாமலா அவர் கட்டியிருப்பார்?"

"அவரு இங்க ஒரு ராத்திரி படுத்ததில்லையே!"

வேலை முடியும்வரை காற்று வெளியேறாமலிருக்க வீட்டின் மேல் காற்றுக் கூடாரம் கவிந்தது. உள்ளே தொன்மீட்பான் இறங்கியது. எட்டுக் கை எந்திரம். அதற்கு ஒரே கட்டளை: மூல வரைபடத்தில் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது. மூன்றே நாளில் எழுபது கிலோ கந்தல் உலைக்குப் போனது. வடிவம்மாளின் கட்டிலும் போனது. அதுவும் வரைபடத்தில் இல்லை.

திறப்பு விழாவில் வைத்தீசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கூட்டம் வண்டியேறியது. கண்ணாடி முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வைத்தீசன் தங்கிவிட்டார். அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

வடிவம்மாள் மடியில் செருகியிருந்த ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினாள். புகை வளையவில்லை. படுத்தபடியே கண்ணாடியை நோக்கி ஓடியது.

"சத்தம் கேக்குதா தம்பி?"

கேட்டது. மெல்லிய 'ஸ்ஸ்'.

"கசியுது, அடை!" என்று தொன்மீட்பானிடம் கத்தினார் வைத்தீசன்.

"கசிவு மூலத்திலேயே உள்ளது. கட்டி முடித்த நாளில் பதிவான அளவுக்கு, துளியும் பிசகாமல் மீட்கப்பட்டிருக்கிறது."

"காத்து எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நாற்பது நிமிடம். அதுவும் மூல அளவே."

வைத்தீசன் வடிவம்மாளைப் பார்த்தார்.

"என்னைய என்னத்துக்குப் பாக்கிய? கரித்துணியக்கூட விடாம மூட்டை கட்டிட்டியளே!"

தொன்மீட்பான் சமையலறைப் பக்கம் திரும்பும்வரை வைத்தீசன் காத்திருந்தார். பொன்னாடையை உருவினார். நான்காக மடித்து, கண்ணாடியின் மூலையில் கட்டைவிரலால் அழுத்தித் திணித்தார்.

புகை ஒரு கணம் நிமிர்ந்தது. பிறகு அடுத்த மூலைக்குத் திரும்பியது.

வைத்தீசன் சத்தம் காட்டாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.