இடது மணிக்கட்டின் எட்டு எலும்புகள்

1979ஆம் ஆண்டு, மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிய வாரம். சனிக்கிழமை மதியம் நவமணி ஒரு பால்மாவு டின்னோடு சிங்காரத்தின் வீட்டுக்கு வந்தாள். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர் சிங்காரம். தொலைந்த கோழி முதல் மொட்டைக் கடிதம் வரை துப்புத் துலக்குவார் என்று பெயர். அவரோடு ஒட்டிக்கொண்டு திரியும் தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வேலப்பன், விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே திருடனைக் கண்டுபிடித்துவிடும் ரகம்.

நவமணி கோலாலம்பூரில் மருத்துவம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. அங்கே உடற்கூறு பாடத்தை ஆறு ஆறு பேராகப் பிரிந்து மாணவர்களே ஒருவருக்கொருவர் நடத்த வேண்டும். இவள் பங்குக்கு மணிக்கட்டு. ஆறு பேருக்கும் பொதுவான எலும்புகளை விடுமுறைக்கு வாங்கி வந்திருந்தாள். இரண்டு கைக்கும் எட்டெட்டு, மொத்தம் பதினாறும் இந்த டின்னில்தான். மூன்று வாரமாகப் பகலில், ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் எல்லோரும் கொழுந்தெடுக்கப் போனபிறகு, எந்த எலும்பு எந்தக் கை என்று கண்டுபிடிப்பது உட்பட, சுவரைப் பார்த்து உரக்கப் பாடம் நடத்திப் பழகினாள். இன்று துணி துவைத்துவிட்டுத் திரும்பினால் டின் மூடி தரையில் கிடந்தது, பாதி எலும்பைக் காணோம். நாளைக் காலை பஸ்.

"கூடப் படிக்கிற அஞ்சு பேரும் என்கிட்ட அதிகம் பேச மாட்டாங்கய்யா. திங்கக்கிழமை நான் பாடம் நடத்துற ஒருநாள்தான் நான் பேசுறதக் கேப்பாங்க," என்றாள். அழாமல் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை.

"வேற யாரு லா, அம்மாக்கண்ணுதான்," என்றார் வேலப்பன். காப்புக் கட்டிய லைனில் செத்தவன் எலும்பு இருக்கக் கூடாதென்று அந்த எதிர்வீட்டுக்காரி நேற்றுகூடச் சத்தம் போட்டாளாம்.

சிங்காரம் மிச்சத்தை மேசையில் கொட்டி, எந்தக் கை என்று கேட்டார். நவமணி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எட்டும் வலது கை. பகலில் லைனில் வேறு யார் இருப்பார்கள் என்று அடுத்துக் கேட்டார். பக்கத்து வீட்டுச் சின்னக்கருப்பன் மட்டும்தான். ஃபேக்டரி மிஷினில் கை நசுங்கி இரண்டு மாதமாக வீட்டில் கிடக்கிறார். மனைவி இல்லை, பிள்ளைகள் சிங்கப்பூரில்.

சிங்காரம் எழுந்து சட்டையை மாட்டினார். "அம்மாக்கண்ணு எடுத்திருந்தா டின்னோட ஆத்துல வீசியிருப்பா. கலந்து கெடந்ததுல இடது கைய மட்டும் பொறுக்கணும்னா பாடம் தெரிஞ்சிருக்கணும். உன் பாடத்த யாரு கேட்டது?"

"யாருமில்லய்யா. சுவருதான்."

"பலகைச் சுவரு. கூரை வரைக்கும் போகாது. பேசுறது எல்லாம் அந்தப் பக்கம் கேக்கும். இன்னொண்ணு, அந்த மூடிய அழுத்தி மூட ரெண்டு கை வேணும். எடுத்தவருக்கு ஒரு கைதான் இருந்திருக்கு."

மூன்று பேரும் சின்னக்கருப்பன் வீட்டுக்கு நடந்தார்கள்.

சின்னக்கருப்பன் எதையும் மறைக்கவில்லை. பாயில் பழைய பேப்பரை விரித்து, எட்டு எலும்பையும் இரண்டு வரிசையாக, கொஞ்சமும் பிசகாமல் அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் கட்டுப் போட்ட இடது கை.

"பாத்துட்டுக் குடுத்துறலாம்னுதான் எடுத்தேன்," என்றார். "சுண்டுவெரல் பக்கம், பட்டாணி அளவு எலும்பு ஒண்ணு தூளாயிருச்சுன்னு டாக்டரு மலாய்ல சொன்னாரு. மேல கேக்க எனக்குத் தெரியல. இந்தப் பிள்ள அதப் பத்திச் சொல்லும்னு மூணு வாரமா கேட்டுக்கிட்டே இருந்தேன். தெனம் ஏழு எலும்புதான் சொல்லுது. பட்டாணிய நானா வச்சுப் பாத்துப் பொருத்துனேன். என்னோடத மட்டும் சொல்லவே இல்ல."

நவமணி மனதுக்குள் பாடத்தை ஓட்டிப் பார்த்தாள். உண்மைதான். இன்னொரு எலும்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டி எலும்பைத் தினமும் விட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறாள். திங்கட்கிழமை ஐந்து பேர் முன்னால் ஏழோடு நின்றிருப்பாள். அந்த வெட்கத்தைவிட இன்னொன்று அவளை உலுக்கியது. யாருமே இல்லை என்று நினைத்துப் பேசிய இத்தனை நாளும், ஒரு மனிதர் தன் முறை வருமென்று காத்திருந்திருக்கிறார்.

சிங்காரம் வேலப்பனை இழுத்துக்கொண்டு வெளியே போனார். நவமணி பாயில் உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து எட்டையும் நீங்க சொல்லுங்க மாமா," என்றாள். "நான் கேக்குறேன்."