வெள்ளை விளக்கில் வந்தவன்

சிம்பாங் பூலாயில் என் கார் விளக்குக் கடைக்கு வருகிற காடிகளில் பாதி, மஞ்சள் விளக்கை வெள்ளையாக்கத்தான் வரும். பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும் முன்விளக்கை நாங்கள் டேலைட் என்போம். அதில் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினால் கிழட்டுக் காடிக்கும் மாப்பிள்ளைக் களை வந்துவிடும். வெள்ளையைக் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்டச் சொல்லி வந்த ஒரே ஆள் தனேஸ்வரன்தான்.

அன்று சனிக்கிழமை. மதியமே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அவன் காடியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் இரண்டு டேலைட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

"யாருப்பா மாட்டுனது?"

"நான்தாண்ணே. ஆன்லைன்ல வாங்கி, தஞ்சோங் மாலிம்ல தங்கியிருக்க எடத்துலயே மாட்டுனேன்."

"ரெசிஸ்டர் போடாம மாட்டியிருக்க. எல்.இ.டி.க்குத் துளி கரண்ட் கசிஞ்சாலே போதும், எரியும். பேயும் இல்ல பிசாசும் இல்ல லா. வயரு வேல."

நான் அப்படிப்பட்ட ஆள். தானாக எரிகிற விளக்கு, தானாக அலறுகிற ஹாரன் எல்லாம் பார்த்தாயிற்று. எதைத் தோண்டினாலும் கடைசியில் ஒரு வயர் அகப்படும். இந்த நஜ்முதீன் பாயிடம் பேய்க்கதை எடுபடாது என்று சிம்பாங் பூலாய் முழுக்கத் தெரியும்.

தனேஸ்வரன் சிரிக்கவில்லை. கார்த் தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றாமல் வந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"ரெசிஸ்டர் வேணாம். மஞ்ச பல்பே மாட்டுங்கண்ணே. இன்னிக்கே வேணும். சாயங்காலம் எங்கம்மா ரோட்டுக்கு வந்துருவாங்க."

"அம்மா நல்லாருக்காங்களா?"

"செத்துட்டாங்கண்ணே."

என் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

அவன் அம்மா வீரம்மா பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் கித்தா எனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கித்தா போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் லயங்களை இடித்த பிறகும் தோட்டத்து ஓரத்தில் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தார். கண்ணில் புரை. ஆளின் முகம் தெரியாது, வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் முனியாண்டி கோயில் முச்சந்தியில் வந்து நின்றுகொள்வார். மஞ்சளாக இரண்டு விளக்கு வந்தால் கையைத் தூக்குவார். மகன் நிறுத்துவான். அங்கிருந்து வீடு வரைக்கும் காடியில் போவதில் அவருக்கு அப்படியொரு பெருமையாம்.

"வெள்ள வெளக்குப் போட்டா அம்மாவுக்கு இன்னும் நல்லாத் தெரியும்னுதாண்ணே மாட்டுனேன். அன்னிக்கு மழ. அம்மா முன்னாலயே போயி நிறுத்துறேன், அவங்க ஒதுங்கி எனக்கு வழி விடுறாங்க. போப்பா போப்பான்னு கைய காட்டுறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு, எறங்கி வந்து வெளாட்டு காட்டலாம்னு..."

நான் தண்ணீர் கொடுத்தேன்.

"பின்னாலயே ஒரு காடி வந்துச்சுண்ணே. மஞ்ச வெளக்கு. அம்மா கையத் தூக்கிக்கிட்டு ரோட்டுல எறங்கிட்டாங்க. கண்ணாடில பாத்தேன்."

தகரத்தின் மேல் முதல் தூறல் விழுந்தது.

"இன்னும் அங்கதான் நிக்கிறாங்க. அம்மாவுக்குச் சனிக்கிழம தெரியுதுண்ணே, செத்தது தெரியல. நான் நிறுத்துனா குனிஞ்சு, தம்பி, பின்னால என் மகன் வாரானான்னு கேக்குறாங்க. நான்தாம்மான்னு கத்துறேன். பாவமாப் பாத்துட்டு மறுபடியும் ரோட்டப் பாக்கப் போயிருவாங்க. போன வாரம் ஒரு அக்கா மஞ்ச வெளக்குப் போட்டுக்கிட்டு வந்துருக்காங்க. அம்மா குறுக்க எறங்கி, அந்த காடி கால்வாய்க்குள்ள போயிருச்சு. உள்ள கைக்குழந்த. எப்படியோ பொழச்சிக்கிச்சு. அடுத்தது யாராச்சும் செத்துப் போவாங்கண்ணே. எங்கம்மா கையால ஒரு உசுரு போகக்கூடாது."

துக்கம் முற்றிப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பையன் அழுததைப் பார்த்து எழுந்து பல்பு தேடப் போனேன். மூலையில் அட்டைப்பெட்டி நிறைய, ஆட்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன மஞ்சள் பல்புகள் கிடந்தன. நல்லதாக ஒரு ஜோடி பொறுக்கி மாட்டினேன். விளக்கு எரிந்தது. அணைத்தால் அணைந்தது. வயர் வேலை அவ்வளவுதான்.

"நீங்களும் வாரீங்களாண்ணே? தனியாப் போக பயமா இருக்கு."

கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினேன்.

தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் வெளிச்சம் குறைந்துபோனது. இரண்டு பக்கமும் செம்பனை மட்டைகள் சாலைமேல் கவிந்திருந்தன. அழுகிய பழக்குலைகளின் புளித்த வாடை ஏசி வழியாக உள்ளே வந்தது. மழை சீராகப் பெய்தது. தூரத்தில் முனியாண்டி கோயிலின் சிவப்புத் தகரம் தெரிந்தது.

முச்சந்தியில் யாரும் இல்லை.

"பாத்தியா தம்பி," என்று ஆரம்பித்தேன்.

ஒரு கை உயர்ந்தது.

வெறும் மழை பெய்துகொண்டிருந்த இடத்தில் ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். ஊதாச் சேலை. கையை மேலே தூக்கியபடி சாலையின் நடுவுக்கு நடந்து வந்தாள். அவள்மேல் மழை விழவில்லை.

தனேஸ்வரன் பிரேக்கை மிதித்தான். காடி வழுக்கிக்கொண்டு போய் அவள் முழங்காலுக்கு முன்னால் நின்றது.

நான் வாய்விட்டுக் குர்ஆன் வசனம் ஓதத் தொடங்கினேன். பாதியில் மறந்துவிட்டது.

அவள் குனிந்தாள். இடது விளக்கின்மேல் எதையோ வைத்தாள். சாலையில் விழுந்திருந்த மஞ்சள் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் மங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு மங்கியது. பிறகு வலது பக்கம்.

வயர் வேலை இல்லை அது.

கற்பூரத் தைல வாசனை உள்ளே நிறைந்தது. அவன் பக்கத்துக் கண்ணாடி மூடித்தான் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு முகம் குனிந்து பார்த்தது. விழிகள் இரண்டும் பால் படிந்து வெளுத்திருந்தன.

"வந்துட்டியாப்பா."

"வந்துட்டேம்மா," என்றான். "ஏறும்மா. வீட்டுக்குப் போலாம்."

பின்கதவு திறக்கவில்லை. பின் இருக்கை மட்டும் மெல்லக் கிரீச்சிட்டு அமுங்கியது. காடி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. யார் ஆயிரம் கொடுத்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்.

"முன்னால யாரு? ஓதுன சத்தம் கேட்டுச்சே, பாயா?"

"ஆமா," என்றேன்.

"நல்லது. மழையா இருக்கு, சாப்ட்டுட்டுப் போவட்டும்." காடி கொஞ்ச தூரம் போனது. பிறகு கிசுகிசுப்பாக, மகனுக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னாள். "ஏம்ப்பா, சனிக்கிழம சனிக்கிழம வெள்ள வெளக்குப் போட்டுக்கிட்டு ஒரு பையன் வாரான். என்னையப் பாத்து அம்மா அம்மான்னு அழுவுறான். யாரு பெத்த பிள்ளையோ. பெத்தவ எங்க நிக்கிறாளோ. மறுபடியும் பாத்தா வீட்டுக்குக் கூட்டியாந்து ஒரு வாய் சோறு குடுக்கணும்."

அந்தப் பையன் தான்தான் என்று தனேஸ்வரன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாய் தாங்கியிருப்பாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"கூட்டியாரேம்மா," என்றான்.

பலகை வீட்டின் முன் காடி நின்றது. பின் இருக்கை உயர்ந்து பழையபடி ஆனது. தைல வாசனை போய்விட்டது. அவன் இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். யாரும் இல்லை. இருக்கை காய்ந்து கிடந்தது.

கருமாதி முடிந்த நாளில் போட்ட பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. நெடுநேரம் சாவியைத் திருக வேண்டியிருந்தது. அவன் அழுதுகொண்டேதான் திருகினான். திறந்ததும் ஒட்டடையும் பூஞ்சையும் மணக்கும் என்று நினைத்தேன். கோழிக்குழம்பு மணந்தது.

சமையலறைத் தரையில் மூன்று தட்டுகள் இருந்தன.

நடுவில் இருந்த தட்டில் சோறும் கோழிக்குழம்பும் அவனுக்கு. கொஞ்சம் தள்ளி ஒன்று. அதில் கோழி இல்லை. சோற்றோடு முட்டையும் நெத்திலிப் பொரியலும் மட்டும். ஹலாலாக அறுக்காத இறைச்சியைப் பாய் சாப்பிட மாட்டார் என்று யோசித்து வைத்த தட்டு. அதைப் பார்த்ததும் என் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது.

மூன்றாவது தட்டு வாசல் ஓரமாக, மூடி போட்டு வைக்கப்பட்டிருந்தது.



தனேஸ்வரன் நடுத்தட்டைக் கடந்து போனான். வாசலருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன்னை வெள்ளை விளக்கில் வரும் யாரோ ஒருவன் என்று நினைத்துத் தன் தாய் எடுத்துவைத்த சோற்றின் மூடியைத் திறந்தான். ஆவி எழுந்தது.

சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் பிசைந்து வைக்கப்பட்டிருந்தது.

அவன் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, நெடுநேரம் விழுங்காமல் உட்கார்ந்திருந்தான்.